ஓட்டாஞ்சில்லு மாநாட்டுக்குப் போற பேரனுக்கு

வா ராசா, திண்ணையில உக்காரு. சீமைக்குப் போறியாமே, உங்கம்மா சொன்னா. சனி ஞாயிறு ரெண்டு நாளும் ரோமானியப் பானை ஓட்டைப் பத்தி மட்டும் பேசுற கூட்டமாம். நாங்க ஓட்டாஞ்சில்லு வச்சு பாண்டி ஆடுனதுக்கு முதுகுல வாங்குனோம். உனக்கு அதுக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டு.

அதை நடத்துறது 1971-லயே ஆரம்பிச்ச குழுன்னு நீதான் சொன்ன. அம்பது வருஷம் தாண்டியும் பேச்சு தீரல. எப்படித் தீரும்? இரும்பு துரு புடிக்கும், மரத்தைச் செல்லு தின்னும். பானை ஒருதரம் உடையும், அதோட சரி, அப்புறம் அதுக்குச் சாவே கெடையாது.

தாத்தனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. 1989-ல விமலா பெக்லி அம்மா அரிக்கமேட்டுல குழி போட்டப்ப மண்ணு அள்ளுனவன், ஓடு கழுவுனவன் நான். பல்லு வெளக்குற பிரஷ்ஷால அழுத்தித் தேச்சேன்னு திட்டும் வாங்கியிருக்கேன். அந்தத் தகுதியில சொல்றேன், கேட்டுக்க.

உள்ள நுழைஞ்சதும் "என்ன அழகான பானை"ன்னு வாய் தவறியும் சொல்லிப்புடாத. அங்க உடைஞ்சாத்தான் மரியாதை. உடைஞ்சதும் போதாதுன்னு குறடை எடுத்து ஓரத்துல இன்னும் ஒரு கிள்ளு கிள்ளுவாங்க. புதுசா உடைஞ்ச வாய்லதான் மண்ணு உண்மையைச் சொல்லுமாம். லென்ஸைக் கண்ணோட ஒட்ட வச்சு, உள்ள மணலா சுண்ணாம்பான்னு பார்ப்பாங்க. கறுப்பு மணலு மினுக்குனா, வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து ஒயின் சாடின்னு சொல்லிடுவாங்க. உங்க பாட்டி முறத்துல கல்லு பொறுக்குற அதே கண்ணுதான். அவளுக்கு யாரும் டாக்டர் பட்டம் குடுக்கல.

'சேமியன்'னு ஒரு வார்த்தை நிமிஷத்துக்கு ஒருதரம் காதுல விழும். பாயசம் வருதுன்னு டம்ளரை நீட்டிட்டு நிக்காத. அது செக்கச்செவேல்னு பளபளக்குற சாப்பாட்டுக் கிண்ணம். தெக்கு பிரான்சுல லா கிராஃபசென்க்னு ஒரு ஊர்ல, ஒரே வேக்காட்டுல 30,000 வரைக்கும் அடுக்கிச் சுட்டிருக்காங்க. சூளை ஒண்ணு, குயவங்க பல பேரு. யாரு எத்தனை உள்ள வச்சாங்கன்னு ஒரு தட்டுல கீறி வச்சுக்குவாங்க, நம்ம பால் சொசைட்டி நோட்டு மாதிரி. கிண்ணத்துக்கு நடுவுல அவனவன் பேரு முத்திரை. அந்த முத்திரைங்களை மட்டும் தொகுத்து 9 வால்யூம் போட்டிருக்காங்கன்னு சொன்னியே, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. செத்து ரெண்டாயிரம் வருஷமான குயவனுக்கு 9 புஸ்தகம். இங்க என் பேரு ரேஷன் கார்டுல தப்பா இருக்குன்னு ஆறு வருஷமா நடக்குறேன்.

சாப்பாட்டு நேரத்துல பானைய எண்ணுறதப் பத்திச் சண்டை வரும். நடுவுல பூந்துடாத. ஒருத்தர் துண்டை எண்ணணும்பார், ஒருத்தர் எடை போடணும்பார். மூணாவது ஆளு வட்டம் வட்டமா போட்ட காயிதத்துல விளிம்பை வச்சு, முழு வாயில இது எத்தனை பங்குன்னு அளப்பார். இது அரைக்கால் பானை, அது மாகாணிப் பானைன்னு எல்லாத்தையும் கூட்டி, கடைசியா ரெண்டே முக்கால் பானைன்னு முடிப்பார். முக்கால் பானையில எப்படித் தாத்தா சோறு வடிப்பாங்கன்னு கேக்குறியா? அங்க போயி கேளு. அப்புறம் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க.

ரோம்ல உடைஞ்ச சாடியாலயே ஒரு குன்று இருக்காம், டெஸ்டாச்சியோன்னு பேரு, 35 மீட்டர் ஒசரம். முக்காவாசி ஸ்பெயின் பக்கத்து எண்ணெய்ச் சாடி. எண்ணெய் ஊறுனா சிக்கு நாத்தம் போவாது, மறுபடி எதுக்கும் ஆவாது. உடைச்சு அடுக்கி மேல சுண்ணாம்பு தூவிட்டான். வெத்து டின்னைக் கிலோ கணக்குல போட்டு வெங்காயம் வாங்குற நம்மள மாதிரி அவனுக்கு சமத்து பத்தல.

இப்ப நெசமா சொல்ல வேண்டியதுக்கு வரேன். எந்த ஓட்டைப் பார்த்தும் இது எந்த ஊருன்னு சத்தியம் பண்ணாத. 1945-ல வீலர் துரை அரிக்கமேட்டுல தோண்டுனப்ப ரெண்டு தினுசு ஓடு வந்துச்சு. ஒண்ணு இத்தாலியில அரெட்சோ ஊர்ச் செவப்பு. அது நெசமாவே அங்கருந்து வந்தது, அதை வச்சுத்தான் தெக்கத்தி மண்ணுக்கே அவர் காலக்கணக்கு போட்டார். இன்னொண்ணு, தட்டுக்கு உள்ள வட்டம் வட்டமா புள்ளி ஓடுமே, ரௌலெட்டட்டுன்னு சொல்வீங்களே, அது. சுண்டுனா வெண்கலம் மாதிரி 'டிங்'குன்னும். அந்தப் புள்ளி வேலையும் மத்தியதரைக்கடல் பக்கத்துதுதான்னார். ரொம்ப வருஷம் எல்லாரும் தலையாட்டுனாங்க. அப்புறம் மண்ணைச் சோதிச்சா, கங்கை கடல்ல விழுற வங்காளத்துப் பக்கத்துச் சரக்கு! ரோமாபுரி மாப்பிள்ளைன்னு ஆரத்தி எடுத்தா, ஆளு கல்கத்தா பக்கம்.

அதோட விட்டுச்சா? ரொபெர்ட்டா டாம்பர்னு ஒரு அம்மா வந்து, இங்க ரோமானியச் சாடின்னு பெட்டியில பூட்டி வச்சிருந்ததுல கொஞ்சத்தை எடுத்துப் பார்த்து, இது மெசபடோமியாச் சாடின்னுட்டாங்க. அதனால ராசா, கையில ஓட்டைக் குடுத்தா மூணு தரம் திருப்பு, ஓரத்தைத் தடவு, "இருக்கலாம்"னு சொல்லு. பெரிய படிப்பாளிங்க எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலதான் காலத்தை ஓட்டுறாங்க.

இரு, போயிடாத. இதைப் பையில வச்சுக்க. உங்க பாட்டியோட கீரைச் சட்டி, போன வாரம் என் கையில நழுவிப் போச்சு, இன்னும் அவளுக்குத் தெரியாது. உள்பக்கம் வரி வரியா சொரசொரன்னு இருக்கு பாரு. ரோமாக்காரனும் உள்ள பொடிக்கல்லு பதிச்ச சட்டி வச்சிருந்தானாமே, மார்ட்டேரியம்னு, மசிக்கிறதுக்கு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் களைச்சு உக்காந்திருக்கிறப்ப மேசையில நைசா வச்சிட்டு, பேசாம ஒதுங்கி நில்லு. எந்தச் சூளைன்னு சண்டை ஆரம்பிச்சதும் எனக்கு ஒரு போனைப் போடு. பாட்டிக்குக் கேக்காம மெதுவா பேசு.