எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு கணக்கை முடித்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். மதுரைச் சொக்கநாத நாயக்கருக்கு ஓர் இடம் விட்டிருக்க வேண்டும். பாரி கொடுத்தது ஒரு தேர். இவரோ கைக்கு வந்த எதையுமே தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

1659-இல் பாட்டனார் திருமலை நாயக்கரும், அவருக்குப்பின் சில மாதமே ஆண்ட தகப்பனாரும் அடுத்தடுத்து மறைந்தார்கள். பிஜப்பூர்ப் படை காவிரிச் சீமையைச் சூறையாடிய காலம். மீசை அரும்பும் வயதில் அரியணை ஏறியவர், பிதிரார்ஜிதமாக வந்த அந்தப் போரை மட்டும் 1682-இல் கண்மூடும்வரை பத்திரமாகக் காத்தார்.

பெண் கேட்டுத் தஞ்சை மறுத்ததால் 1673-இல் படையோடு போனார் என்பார்கள். சம்பந்தம் பேசுவதில் எத்தனை சிரத்தை! கிழவர் விஜயராகவ நாயக்கர் களத்தில் விழுந்தார். அவருடைய அந்தப்புரம் வெடிமருந்தில் எரிந்தது. வென்ற ஊரைத் தாமே ஆளும் பேராசை நம் மன்னருக்கு இல்லை. தம்பி முறையான அழகிரியிடம் கொடுத்தார். அழகிரி அண்ணனை மதிக்காமல் தனிக்கொடி பிடித்தார், அதையும் பொறுத்தார். அந்தப் பொறுமையின் நிழலில் ஏகோஜி வந்து தஞ்சையில் அமர, மராட்டிய வம்சம் 1855 வரை அங்கே இருந்தது. பெண் கேட்கப் போய் வேறொரு வம்சத்துக்குச் சீர் செய்தவர் இவரைத் தவிர யார்?

கொங்குச் சீமையில் மைசூருக்கும் பங்கு கிடைத்தது. சொந்த அதிகாரத்தையே சிலகாலம் தம் குதிரைப்படைத் தலைவர் ருஸ்தம்கானுக்கு விட்டுக்கொடுத்தார். வைகைக்கரைச் சம்சாரிகளையும் அவர் மறக்கவில்லை. பஞ்சத்தில் செத்தவர் போக மிஞ்சியவர்களுக்குப் போர்ச் செலவைச் சுமக்கும் பெருமையைக் கொடுத்தார்.

மதுரைக்குச் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியவர், பாட்டன் கட்டிய மகால் இங்கே தனியாக நிற்குமே என்று இரங்கினார் போலும். அதைப் பெருமளவு பெயர்த்துக் கையோடு கொண்டுபோனார். பாட்டன் காலத்தில் மூக்கறுக்க வந்த மைசூர்ப் படையால் தொடமுடியாத மாளிகை அது. பகைவனுக்கு அந்தச் சிரமம் எதற்கு என்று பேரனே முடித்துக்கொடுத்தார்.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பத்துத் தூண்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. துணி எடுக்க வரும் வெளியூர்க்காரர்கள் இவை என்னவென்று கேட்டால், எங்கள் மன்னர் மதுரைக்கென்றே பெரியமனது பண்ணி விட்டுப்போனவை என்று சொல்லுங்கள்.