மலையேறிய போர்ட் கிள்ளான்

போர்ட் கிள்ளானில் இருந்தவரை அவனுக்கு அந்த ஊர் ஆகாது. கன்டெய்னர் லாரிப் புழுதி, பிசுபிசுக்கும் வெயில், இதற்குமேல் போக இடமில்லை என்று கோமுட்டர் ரயில் நின்றுவிடும் கடைசி நிலையம். எந்த ஊர் என்று கேட்டால் “கே.எல். பக்கம்” என்று மழுப்புவான். கொடைக்கானல் விடுதியில் அவனை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் காரில் ஏறுகிறார்களே, அந்த நிமிஷத்தில் பிறக்கிறது ஊர்ப்பற்று. வத்தலக்குண்டு வளைவுகளைக் கார் இறங்கி முடிப்பதற்குள் அவன் கிள்ளானின் தூதுவனாகிவிடுகிறான்.

இந்த ரகப் பிள்ளை தெருவுக்குத் தெரு கிடையாது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வசதியான சொந்தக்கூட்டம் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், ஒருத்தனாவது தேறுவான்.

பக்கத்தில் போர்டிங் இல்லையா? இருக்கிறது. மந்தினில் கோலேஜ் துவாங்கு ஜாஃபார் 1991 முதல் நடக்கிறது. பண்டார் என்ஸ்டெக்கில் எப்சம் கல்லூரி 2014இல் வந்தது. அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு இருந்த வரம்பையும் அரசாங்கம் 2012இல் எடுத்துவிட்டது. இருந்தும் சில வீடுகளில் கடல் தாண்டினால்தான் அது படிப்பு. சொந்தக்காரர்களிடம் சொல்லும் காரணம், “பையன் தமிழ மறந்துடக் கூடாது பாருங்க.” அங்கே பாடம் முழுக்க இங்கிலீஷ் என்பதை நாகரிகம் கருதி யாரும் கிளறுவதில்லை. உண்மைக் காரணம் விடிய விடிய ஆடிய கம்ப்யூட்டர் கேம்.

வந்த ஊருக்கும் சேர்ந்த பள்ளிக்கும் ஒரே வயது என்பது அவனுக்குத் தெரியாது. கொடைக்கானல் அனைத்துலகப் பள்ளி 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் என்ற பெயரில் தொடங்கியது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்ததும் அதே 1901இல், செப்டம்பர் மாதம். போர்ட் கிள்ளான் என்ற பெயர் 1972இல்தான் வந்தது. நடுவில் கொசுவும் உறவு கொண்டாடுகிறது. சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். இங்கேயோ, துறைமுகம் திறந்த சில மாதங்களிலேயே மலேரியா அதை மூடவைத்தது. டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பில் வாய்க்கால் வெட்டி ஊரைக் காப்பாற்றினார். அங்கே மனிதர்கள் ஓடினார்கள், இங்கே தண்ணீரை ஓடவிட்டார்கள். வரலாற்று வகுப்பில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எழுதமாட்டான். அவன் கவலையெல்லாம் பெட்டியைப் பற்றி.

அந்தப் பெட்டியைச் சொல்ல வேண்டும். விமானத்தில் கட்டியிருப்பது 20 கிலோ. அதில் துணிமணி கால்வாசி. மற்றதெல்லாம் மைலோ, மெகி காரி, நெத்திலி சம்பால் போத்தல்கள், அப்புறம் பாபாஸ் மீன் கறித்தூள். கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம் பறந்து, தமிழ்நாட்டுக்கே கறித்தூள் கொண்டுபோகிறவர்களை உலகம் எந்தக் கணக்கில் சேர்க்கிறதோ! திருச்சியில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் உரையாடல் இப்படிப் போகும்:

“என்ன தம்பி இது?”

“மீன் மசாலா சார்.”

“ஏன், இங்க கிடைக்காதா?”

“இது வேற சார்.”

விடுதி அறையில் அடுப்பு கிடையாது என்பது அம்மாவுக்கும் தெரியும். கறித்தூள் சமைக்க இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூடியைத் திறந்து மோந்து பார்க்க.

அறையில் பூட்டான் பையன் ஒருத்தன், கொரியப் பையன் ஒருத்தன், சென்னைப் பையன் ஒருத்தன். கொரியப் பையனிடமும் நூடுல்ஸ் சரக்கு இருப்பதால் முதல் வாரத்திலேயே வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடுகிறது. பூட்டான்காரன் மிளகாயையே காய்கறியாகச் சாப்பிட்டு வளர்ந்தவன். சம்பாலை வழித்து நக்கிவிட்டு “காரம் கொஞ்சம் கம்மி” என்று தீர்ப்புச் சொல்லுவான். சென்னைப் பையன்தான் தொல்லை. “நீ சிங்கப்பூர்தானே?” என்று கேட்டுவிடுவான்.

இதைவிட ஒரு மலேசியப் பிள்ளையைப் புண்படுத்த முடியாது. அன்றிரவே நம்மவன் புள்ளிவிவரத்தில் இறங்கிவிடுகிறான். போர்ட் கிள்ளான் 2023இல் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சம் கன்டெய்னர். வெஸ்ட்போர்ட், நார்த்போர்ட் எல்லாம் விரல் நுனியில். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருந்த துறைமுகத்தை ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவன், ஏழாயிரம் அடி உயரத்தில் ரஜாய்க்குள் சுருண்டுகொண்டு கப்பல் எண்ணுகிறான். டீக்கடையிலும் அப்படித்தான். இருபது ரூபாய் டீயை வாங்கிக்கொண்டு “ஒரு வெள்ளிதானா!” என்று வியந்துவிட்டு, “ஆனா மாமாக் கடை தே தாரிக் மாதிரி இல்ல லா” என்று முடிப்பான். டீக்கடை அண்ணன் பாவம், யார் அந்த மாமா என்று யோசிப்பார்.

போன் இன்னொரு கூத்து. மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. தீபகற்ப மலேசியா 1982 பிறக்கும்போது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது; அதற்கு முன்னால் வித்தியாசம் சுத்தமாக இரண்டு மணி. அந்த அரை மணிதான் இன்றைக்கும் அம்மாக்களைப் படுத்துகிறது. இரவு சாமான் கழுவிவிட்டு ஒன்பதுக்கு அழைத்தால் அங்கே ஆறரை, அவன் மைதானத்தில். ஞாயிறு காலை எட்டுக்கு அழைத்தால் அங்கே ஐந்தரை, “ம்” என்று ஒரு சத்தம். கடைசியில் பிடித்துவிட்டால் கேட்பது ஒரே கேள்வி: “பசியாறிட்டியாய்யா?” அவன் பதிலும் ஒன்றே: “ஆச்சும்மா. காசு அனுப்புங்க.”

லீவுக்கு வீடு திரும்பும்போதுதான் அவனுடைய முழு லட்சணமும் தெரியும். மூன்று மாதம் கிள்ளானுக்காக உயிரை விட்டவன், விமான நிலையக் கதவு திறந்ததுமே “என்ன சூடு! எப்படித்தான் இருக்கீங்களோ?” என்பான். “எங்க ஊர்ல” என்று ஆரம்பித்தால் இப்போது அது கொடைக்கானல். ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது, ரோட்டில் காட்டெருமை நிற்கும், ஏரியை 1863இல் லெவிஞ்சு என்ற கலெக்டர் உருவாக்கினார் என்று தெங்கு கிளானா சாலை வாழையிலைக் கடையில் சோறு ஆறும்வரை பாடம் நடக்கும். “அப்ப அங்கேயே இருக்க வேண்டியதுதானே?” என்பாள் தங்கச்சி. வீட்டில் அவனை எடைபோட்டு வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

தாத்தா பேசமாட்டார். நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் படுத்து, நாள்கணக்கில் அலையோடு வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர் அவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970கள் வரை ஓடியது. அவர் தகரப்பெட்டியிலும் யாரோ கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் இருந்ததாம். பேரன் கொண்டுவந்த யூகலிப்டஸ் தைலத்தை முழங்காலில் தடவிக்கொண்டு, “அடுத்த தடவை ரெண்டு போத்தலா வாங்கிட்டு வா” என்பதோடு சரி.

திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கும் வாசகர்கள் கவனிக்க: பெட்டியில் ரெண்டு கிலோ இடம் மிச்சம் என்று போர்ட் கிள்ளானில் யாரிடமும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலை உங்கள் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஓர் அம்மா சம்பால் போத்தலோடு நிற்பார்.