தடுப்பிலக்கணம்

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது மரபு. செய்தவன் வேடசந்தூர்க்காரன். செய்த இடம் திண்டுக்கல் போகும் பேருந்தின் சன்னலோர இருக்கை. செய்த காரணம்: கைப்பேசியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன், கவர் திசையில் நின்ற தடுப்பாளன் ஒருவன், பந்து தன் முழங்காலை உரசாத குறையாகக் கடந்து எல்லைக்கோட்டைத் தொட்ட பிறகு, நிதானமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு இலை கேட்டு வருகிறவனின் முகம். அவன் யார், எந்த வகை, அவனுக்கு இலக்கணம் உண்டா என்று தேடினேன். இல்லை. ஆகவே செய்தேன்.

முன்னோர் நூல்களைச் சொல்லிவிட வேண்டும். 2006 கடைசியில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ வந்தது. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் வர்ணனை செய்ய, பிரவுசிங் சென்டர் நாற்காலியில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து ஒரே விசைப்பலகையைப் பங்குபோட்டு ஆடிய தலைமுறை என்னுடையது. பிறகு சென்னை நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ வரிசை. அதன் இரண்டாம் ஆட்டம் 2015-இல் வந்தது, மூன்றாவது 2020-இல். இவை தவிர வேறு பலவும் ஆடியிருக்கிறேன். ஆனால் எந்தக் குறை எந்த ஆட்டத்தினது என்று இந்நூல் சொல்லாது. இலக்கணம் வழுவைச் சொல்லும், வழுவியவன் வீட்டு விலாசத்தைச் சொல்லாது.

முதல் கேள்வி திணை. திரையில் ஓடுகிறவன் உயர்திணையா, அஃறிணையா? நன்னூல் மனிதரோடு தேவரையும் நரகத்தில் உழல்வோரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டது. இதை வைத்து, நரகருக்கே இடம் இருக்கும்போது ஃபைன் லெக்கில் நிற்பவனுக்கு இல்லையா என்று ஒரு சாரார் கேட்பார்கள். கேட்ச் பிடித்தால் ‘பிடிச்சிட்டான்டா’ என்கிறோம், விட்டால் ‘இது வேலைக்காகாது’ என்கிறோம். ஆக, திணை அவன் கையில் பந்து தங்குவதைப் பொறுத்தது என்று இப்போதைக்குக் கொள்க.

அடுத்தது வழு. தொல்காப்பிய உரைகாரர்கள் பேச்சை வழாநிலை, வழு, வழுவமைதி என்று பிரிப்பார்கள். சரியாகச் சொன்னது, தப்பாகச் சொன்னது, தப்புதான் ஆனாலும் போகட்டும் என்று விட்டது. தடுப்புக்கும் இந்த மூன்றே போதும். ஓவர் முடிந்ததும் தடுப்பாளர்கள் நடந்துபோய் இடம் மாறுவதைத் திரை காட்டாது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாரும் புது இடத்தில் நிற்பார்கள். உண்மையில்லைதான். ஆனால் இருபது ஓவர் ஆட்டத்தை மூன்றரை மணி நேரம் பேருந்தில் ஆட முடியாது, திண்டுக்கல் வந்துவிடும். எனவே வழுவமைதி.

இனி வகை.

தலையாய வகை நடுகல்லர். ஊர் எல்லையில் வீரனுக்கு நட்ட கல் எப்படி நிற்குமோ அப்படி நிற்பார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்பது தவறு. கவனித்துப் பார்த்தால் காரணம் தெரியும். மட்டையில் பந்து பட்ட கணத்திலேயே அது போகும் வழி கணக்காகிவிடுகிறது, அதை முதலில் எட்டக்கூடியவன் யார் என்பதும் முடிவாகிவிடுகிறது. பெயர் வாசிக்கப்பட்டவன் ஓடுகிறான். வாசிக்கப்படாதவன், பந்து தன் செருப்பு மேலேயே போனாலும், அது தன் பிரிவுக் கோப்பு இல்லை என்று இருக்கிறான். தாலுகா ஆபீஸ் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிர் முக்காலமும் உணர்ந்தோர். பந்தைக் கண்டு, அது எங்கே போகிறது என்று மூளைக்குப் பட்டு, கால் எழுவதற்கு மனிதனுக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். மட்டையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிய பந்து அதற்குள் ஐந்தரை மீட்டர் போய்விடும். முக்காலமுணர்ந்தவனுக்கு இந்த 0.2 நொடி கிடையாது. பந்து மட்டையை விட்டுப் பிரியும்போதே அவன் வலதுபக்கம் கிளம்பியிருப்பான். சில சமயம் நான் பொத்தானை அழுத்தப்போவது எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். சோதிடர்களில்கூட இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

ஒட்டுக்கையர் என்றொரு சிறு வகை. பந்து இவர்கள் பக்கத்தில் வரும்போது வழி மாறிக் கைக்குள் போய் உட்காரும். பலாப்பழம் அறுத்த கை.

கரணத்தார் பற்றி விரித்துச் சொல்ல வேண்டும். உண்மையான ஆட்டக்காரர்கள் உடம்பில் குறிகள் ஒட்டி, அவர்கள் பாய்வதையும் உருளுவதையும் கேமராக்கள் பதிந்துகொள்ள, அந்த அசைவைத் திரை உருவத்துக்குப் போர்த்துவது இன்றைய தொழில்முறை. அதனால் பாய்ச்சல் மிக அழகாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், தொடங்கிய அசைவு முடிந்தாக வேண்டும். பந்து கைக்கு வந்துவிட்டது, இனி எழுந்து எறிய வேண்டியதுதான். ஆனால் அவனுக்கு இன்னும் அரைக் கரணம் பாக்கி. உருண்டு முடித்து, முழங்கால் ஊன்றி, மண் தட்டாத குறையாக அவன் எழுவதற்குள் எதிரி இரண்டாவது ரன்னை முடித்து மட்டையைக் கக்கத்தில் இடுக்கியிருப்பான். அழகுக்காகத் தோற்றவர்கள் இவர்கள்.

கடைசியாக, ஆள் இல்லாத வகை ஒன்றும் உண்டு: பின்காவலர். ஸ்டம்பை நோக்கி எறியும் பந்து தவறினால் பிடிக்க, எதிர்ப்புறம் ஒருவன் கூப்பிடாமலே ஓடி வந்து நிற்பான் அல்லவா, அவன். எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் இது தெரியும், தெரியாவிட்டால் தெரியவைக்கப்படும். நான் ஆடிய திரைகளில் அவனைத் தேடிப் பார்த்தாயிற்று. உறுப்பினர் இல்லாத வகைக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்டால், பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவன் அரிசியைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

இங்கே கொஞ்சம் கணக்கு. எல்லைக்கோடு 70 மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்று வைத்தால் சுற்றளவு 440 மீட்டர். இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் ஆறு ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம், அதன்பின் அதிகபட்சம் ஐந்து. ஐந்து பேரையும் சம இடைவெளியில் நிறுத்தினால் ஆளுக்கு 88 மீட்டர். தரையோடு நன்றாக அடித்த பந்து நான்கு நொடியில் கோட்டைத் தொடும் என்றால், அதற்குள் ஒருவன் ஒரு பக்கத்துக்கு 22 மீட்டர் ஓடலாம், இருபக்கமும் சேர்த்து 44. ஐந்து பேருக்கும் கூட்டினால் 220. அதாவது பாதி வேலி திறந்தே கிடக்கிறது. உள்வட்டத்தார் கொஞ்சம் அடைப்பார்கள், முழுதும் அடைக்க மாட்டார்கள். பதினொரு பேரை வைத்துக்கொண்டு மைதானத்தைக் காக்க முடியாது என்பது கணக்கிலேயே இருக்கிறது.

அப்படியானால் எதைக் காப்பது? அமெரிக்கர்கள் தங்கள் கால்பந்தில் தடுப்பை இரண்டாக வகுப்பார்கள்: ஆளைக் காப்பது, இடத்தைக் காப்பது. (அவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கால்பந்து என்பது வேறு வழு.) 1988-இல் வந்த அவர்களுடைய வீடியோ ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த பயிற்சியாளர் ஜான் மேடன், அணிக்கு ஆறேழு பேர் போதும் என்று தயாரிப்பாளர்கள் சொன்னபோது, பதினொருவர் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆள் குறைந்தால் காவல் முறையே மாறிப்போகும் என்பது அவருக்குத் தெரியும்.

கிரிக்கெட்டில் நாம் இடத்தைக் காப்பதுபோல் நிற்கிறோம். காப்பது என்னவோ ஆளைத்தான், மட்டை பிடித்த அந்த ஒருவனை. 2010 ஏப்ரல் 25, நவி மும்பையில் ஐ.பி.எல். இறுதி. பொல்லார்டு பத்துப் பந்தில் 27 எடுத்து ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். சென்னைத் தலைவர் தோனி, ஹேடனைக் கூப்பிட்டு, மிட் ஆஃபில் வழக்கமாக யாரும் நிற்காத அளவுக்கு நேராக, நடுவருக்குப் பின்னால் என்று சொல்லும்படி நிறுத்தினார். பொல்லார்டு நேரே அடித்தார், ஹேடன் பிடித்தார், சென்னை 22 ரன்னில் வென்றது. அந்த இடத்துக்குத் தடுப்பு நிலைப் படத்தில் பெயர்கூடச் சரியாக இல்லை. ‘இவன் இப்போது இங்கேதான் அடிப்பான்’ என்பதுதான் அதன் பெயர். திரையில் நானே விரலால் இழுத்து ஒருவனை அங்கே நிறுத்தலாம். கணினித் தலைவன் தானாக நிறுத்தி நான் பார்த்ததில்லை. நான் ஒரே ஓவரில் நான்கு முறை மிட் விக்கெட்டுக்கு மேல் தூக்கினாலும், ஐந்தாவதுக்கும் பழைய படத்தைப் பார்த்தே ஆள் நிறுத்துகிறான்.

ஒப்பீட்டுக்கு நாட்டு வழக்கு. வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை வெட்டி முடிந்தால் சித்திரை வரை காடு காலி. கட்டைகள் மட்டும் விரல் உயரத்துக்கு நிற்கும். பந்து அதில் பட்டால் ஆண்டவனுக்கும் திசை தெரியாது, அதனால் எங்களில் முக்காலமுணர்ந்தோர் உருவாகவில்லை. நடுகல்லர் உண்டு, ஆனால் காரணம் வேறு: ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவன் லாங் ஆனில் நின்றுகொண்டே தூங்குவான். எந்த மென்பொருளும் இந்த வகையை இன்னும் எட்டவில்லை. அவன் தூங்குகிறான் என்பது எங்களுக்குத் தெரியும், எதிரிக்குத் தெரியாது. தெரியாதவரை அவனும் ஒரு காவல்.

இனிப் புறனடை. போன கோடையில் எதிரணியில் ஒருவன், எந்தப் பந்தையும் லெக் பக்கமே இழுப்பவன். எங்கள் கேப்டன் கவரையும் பாயிண்டையும் காலி செய்தான்.

“மாப்ள, அந்தப் பக்கம் யாருமே இல்லையேடா?”

“கெணறு இருக்குல்ல.”

இருந்தது. ஆஃப் பக்கம் இருபது அடியில், கைப்பிடிச் சுவர் இடிந்த தோட்டக் கிணறு. விழுந்தால் அவுட், அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும் என்பது பாட்டன் காலத்து விதி. எதிரி லெக் பக்கம் எட்டுப் பேரைப் பார்த்தான், ஆஃப் பக்கம் திறந்த வெளியைப் பார்த்தான், நப்பாசைப்பட்டு ஒரு கட் அடித்தான். பந்து ஒரு கட்டையில் தட்டி எழும்பியது. சத்தம் கொஞ்சம் தாமதித்து, கீழேயிருந்து வந்தது.

அஃறிணை, ஒன்றன்பால், படர்க்கை. கையே இல்லாத அந்தத் தடுப்பாளரை எந்த வகையில் வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அடித்தவன் சட்டையைக் கழற்றி ஸ்டம்பு மேல் போட்டுவிட்டு, “மோட்டார் ஓடுதான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே” என்றபடி படியில் கால் வைத்தான்.