நடப்பு வட்டி, நடப்புக் கூலி

எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்கக் கப்பலேறியபோது மீசை முளைக்காத வயது. முகல் தெருக் கிட்டங்கி ஒன்றில் பெட்டியடிப் பையன். நீளமான ஒரே கூடம். சுவரோரம் வரிசையாகக் கைப்பெட்டிகள். ஒரு பெட்டி என்றால் ஒரு வட்டிக் கடை. பெட்டிக்குப் பின்னால் மேலாள், பக்கத்தில் அடுத்தாள், ஏவின வேலைக்கு ஓடப் பையன். பகலெல்லாம் ஒரே வாடிக்கையாளருக்குப் போட்டி போட்டவர்கள், இரவில் அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்வரை அதுதான் வீடு.

ஐயா அலுக்காமல் சொன்னது வட்டிக் கூட்டத்தைப் பற்றி. 1930-ஐ ஒட்டி பர்மாவில் மட்டும் 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. கடைக்காரர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியைப் பேசி முடிப்பார்கள். சாமி கும்பிட்ட கையோடு வட்டிப் பேச்சு. பணத்தை வெளிப்படையாகப் பேசியதால்தான் அவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். பகை வருவது, பேசாமல் மறைத்த கணக்கில்தான்.

நான் காசுக்கு எழுத ஆரம்பித்தது காரைக்குடியில், பங்காளிகள் பூட்டிப் போட்டுவிட்டுப் போன பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில். மடிக்கணினி ஒன்று, நான் ஒருத்தி. ஆத்தங்குடிக் கல், கந்தரப்பம், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை, விடுதியாக மாறிய வளவு வீடுகள் என்று யார் கேட்டாலும் அவர்களுடைய வலைப்பூவுக்கு எழுதிக் கொடுப்பேன். வார்த்தைக்கு இத்தனை பைசா என்று கூலி. காசுக்கு எழுதுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1920-ல் இங்கே தொடங்கிய ‘தனவைசிய ஊழியன்’ பிறகு ‘ஊழியன்’ ஆனது. ராய. சொக்கலிங்கம் நடத்திய அந்த இதழில் புதுமைப்பித்தனும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். ஆனால் அவர்களுக்கு ஓர் அலுவலகம் இருந்தது, எதிரே உட்கார்ந்து பேச ஆள் இருந்தது. எனக்கு வந்தது மின்னஞ்சல்தான். கூலியைக் கூட்டிக் கேட்டால் உடனே பதில் வரும்: உங்களைவிடக் குறைவாக எழுத ஆள் இருக்கிறது.

அந்த ஆளைக் கம்பன் மணிமண்டபத்துப் புத்தகத் திருவிழாவில் பார்த்தேன். கோட்டையூர்ப் பெண். பேச்சுவாக்கில் என்ன வேலை என்று தெரிந்ததும் நேராகக் கேட்டாள்: “ஆச்சி, ஒங்களுக்கு வார்த்தைக்கு என்ன தர்றாக?” அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். அவளுக்கும் அதே கூலி, அதே பதில்! எங்கள் இருவரில் ஒருவரைக் காட்டி மற்றவரை மிரட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சேர்ந்தார், பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி சேர்ந்தான். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டு முகப்பில் கூடுகிறோம். முதல் கூட்டத்தில் முடிவு செய்தது ஒன்றே ஒன்று: இதற்குக் கீழே யாரும் எழுதுவதில்லை என்று ஒரு கூலி. மற்றதெல்லாம் அதன்பின் தானாக வந்தது. கோட்டையூர்ப் பெண்ணின் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வேலையை நாங்கள் பங்குபோட்டு எழுதினோம். கூலி முழுக்க அவள் கணக்கில்தான் விழுந்தது.

ஐயாவின் கோயில் கூட்டத்தில் ஒரு குறை உண்டு. அதையும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தவர்களுக்கு அது பந்தம். வெளியே நின்ற பர்மிய விவசாயிக்கு அதில் இடமில்லை. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1937-க்குள் 25 சதவீதம். நிலத்தை இழந்தவர்களின் கோபத்தில் இருந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

எங்களுக்கு வெளியே நிற்பவர் வாசகர். விடுதிக்காரர் காசில் விடுதியைப் புகழ்ந்துவிட்டு அதை மறைத்தால், வாசகருக்கு நாங்கள் யார்? அதனால் இரண்டாவது ஏற்பாடு: காசு வாங்கி எழுதியதென்றால் கட்டுரையின் மேலேயே அதைச் சொல்ல வேண்டும். சமூக ஊடகங்களில் செல்வாக்குள்ளவர்கள் தரும் விளம்பரத்துக்கு இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லேயே இதை விதித்துவிட்டது. சொல்லாதே என்கிற வேலையை நாங்கள் எடுப்பதில்லை. சில வேலைகள் போயின. போகட்டும்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. இயந்திரம் எழுதியதைத் திருத்திக் கொடு, பாதிக் கூலி என்கிறார்கள். திருத்த ஆகும் நேரம் எழுத ஆகும் நேரத்தைவிடக் கூடுதல் என்று தேவகோட்டை சார் மணிக்கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். இந்த மாதக் கூட்டத்தில் முதல் பேச்சு அதற்கு என்ன நடப்பு வைப்பது என்பதுதான்.