நோய்வாய்ப்படப் போகிறவர்கள் கவனத்துக்கு

பக்கவாதம் வருவதாக இருந்தால் கொஞ்சம் திட்டம் போட்டு வரவழைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கை, எந்தக் கால், எத்தனை சதவீதம் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது உத்தமம். 39-ல் நிறுத்திக்கொண்டால் அரசாங்கத்தின் கண்ணுக்கு உங்களுக்கு வந்திருப்பது சோம்பல். 40-ஐத் தொட்டால்தான் அது ஊனம். 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கிழித்த கோடு அது. வேலை ஒதுக்கீடு, கல்லூரி இடம் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஊன அடையாள அட்டைக்கும் நிறம் பிரித்திருக்கிறார்கள், ரேஷன் கார்டு மாதிரி. 40-க்குக் கீழே வெள்ளை, 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். வெயில் காலத்தில் விசிறிக்கொள்ளலாம், கை வேலை செய்தால்.

நோயைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே ஏழு வகைதான் இருந்தன. இப்போது 21. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், ஹீமோபீலியா எல்லாம் உள்ளே வந்துவிட்டன. நல்லது, போராடி வாங்கியது. ஆனால் சிறுநீரகம் செத்துப்போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கீமோ ஏற்றிக்கொண்டு வந்து கழிப்பறை வரை சுவரைப் பிடித்து நடக்கிற பெண்ணுக்கும் இல்லை. புற்று போகிற போக்கில் ஒரு காலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் வாருங்கள், கால் கணக்கில் பார்க்கலாம். இல்லையென்றால் அரசிதழைப் படித்துவிட்டு வேறு நோயாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது அளவெடுக்கும் படலம். என் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். தையற்காரர். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. ஊனச் சான்று முகாம் முதல் மாடியில். லிஃப்டில் ‘பழுது’ என்று ஒட்டியிருந்த தாளே பழுத்துப்போயிருந்தது. சாய்தளம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஊழியர்களின் ஸ்கூட்டர்கள் அதில் வரிசையாக ஏறி நின்றன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து என் தம்பியும் ஓர் ஆட்டோக்காரரும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மாடியேற முடியாதவர் என்ற சான்றை மாடியேறித்தான் வாங்க வேண்டும். ஏறிவிட்டால், ஏறிவிட்டாரே என்பார்கள்.

டாக்டர் தலை நிமிராமல், “என் விரலைப் பிடிங்க பெரியவரே” என்றார். ஆயுசெல்லாம் கத்தரிக்கோல் பிடித்த கை. வீட்டில் ஒரு டம்ளரைப் பிடிக்க மாட்டேன் என்கிற அந்தக் கை, அன்றைக்குப் பார்த்து நடுங்கி நடுங்கி டாக்டரின் விரலை வளைத்துப் பிடித்துவிட்டது. அந்நியர் முன்னால் ஏலாதவனாக இருக்க மனம் ஒப்பாத மனிதர். “பிடிக்கிறாரே” என்று சொல்லிக்கொண்டே எழுதினார் டாக்டர். குளிப்பாட்டுவது யார், வேட்டி கட்டிவிடுவது யார், சாதம் பிசைந்து ஊட்டுவது யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்மானத்துக்கு இத்தனை சதவீதம் கழிக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் கழித்துவிட்டார்கள். போகிறவர்கள் அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

கீழே இறங்கி வந்தால் குமாஸ்தா. மடங்கிப்போன விரலில் ரேகை விழவில்லை. இடக்கையால் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. “கையெழுத்து மாறுதே?” என்றார் சந்தேகமாக. மாறிப்போனதால்தானே ஐயா வந்திருக்கிறோம்!

இந்தச் சந்தேகம் குமாஸ்தாவின் சொந்தச் சரக்கு என்று நினைத்தால் தப்பு. சட்டத்திலேயே அது ஊறியிருக்கிறது. இல்லாத ஊனத்தைச் சொல்லிச் சலுகை வாங்கினால் 91-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சரி, ஏய்ப்பவன் உள்ளே போகட்டும். அதே சட்டத்தை மீறினால், உதாரணமாகக் கட்டடத்துக்குச் சாய்தளம் கட்டாமலே காலத்தை ஓட்டினால்? 89-வது பிரிவு: முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். சிறை என்ற பேச்சே இல்லை. பொய்யாக நொண்டுகிறவன் குற்றவாளி. நிஜமாக நொண்டுகிறவனை வாசலிலேயே நிறுத்திவைக்கிறவர் அதிகாரி.

2024-ல் பயிற்சி ஐஏஎஸ் அதிகாரி ஒருவர் மீது போலி ஊனச் சான்றுக் குற்றச்சாட்டு கிளம்பி நாடே சிரித்தது. தேர்வாணையம் அவருடைய தேர்வை ரத்து செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் சான்றிதழ் விதிகளையும் திருத்தினார்கள். ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்றிருந்ததை மூன்று மாதமாக நீட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பம் தானே காலாவதியாகும். ஐஏஎஸ் பரீட்சை எழுதும் உத்தேசம் என் பெரியப்பாவுக்கு இல்லை என்பதை இந்த இடத்தில் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

இத்தனை காவலும் எந்தக் கஜானாவுக்கு என்று பார்ப்போம். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். 80 சதவீத ஊனம் வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். 2012-ல் 300, இன்றும் 300. நாளுக்குப் பத்து ரூபாய், ஒரு டீக்குக் காணாது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளமோ விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. மாதம் ஒரு லட்சமாக இருந்தது 1,24,000 ஆகிவிட்டதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. விலைவாசி அவர்கள் வீட்டுக்கு மட்டும் ஏறுகிறது போலும்.

தமிழ்நாடு பரவாயில்லை என்பார்கள். வருவாய்த் துறை வழியாகத் தரும் உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ஆனது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2,000. பக்கத்தில் ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து 6,000 தருகிறார்கள். அதைப் போல இங்கேயும் கொடுங்கள் என்று சக்கர நாற்காலியோடு சாலையில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் அடைக்கிறது. தூக்கி ஏற்றிவிட ஆள் இல்லை என்று அலுவலகங்களில் சொல்கிறார்களே, அன்றைக்கு மட்டும் ஆள் எங்கிருந்து வருகிறது?

வண்டி நிறுத்தும் கதைக்கு வருவோம். நாடு முழுக்கச் செல்லுபடியாகும் பார்க்கிங் அட்டை என்று ஒன்று நம்மிடம் கிடையாது. சக்கர நாற்காலி ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும், அட்வகேட், பிரஸ் ஸ்டிக்கர்களுக்குப் பக்கத்திலேயே. மத்திய அரசின் கட்டட வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன: நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலத்தில் இடம் விட வேண்டும். அந்தக் கூடுதல் அகலம் கதவை முழுக்கத் திறந்து சக்கர நாற்காலியை இறக்குவதற்கு. நம் ஊரில் அது இரண்டு பல்சர் நிறுத்துவதற்கு. நடுவில், நீலத்தில் வரைந்த சக்கர நாற்காலியின் தலைமேல் சக்கரம் ஏற்றி, அரசாங்க ஜீப் ஒன்று நிற்கும். “சார் அஞ்சு நிமிஷத்துல வந்துருவார்” என்பார் டிரைவர். சாருக்கு என்ன ஊனம், எத்தனை சதவீதம் என்று யாரும் அளந்ததில்லை.

பொதுக் கட்டடங்களையெல்லாம் ஐந்தாண்டுக்குள் மாற்றிவிட வேண்டும் என்றது சட்டம். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனோடு முடிந்தது. கட்டாயம் என்று சட்டம் சொன்னதை விதி வெறும் பரிந்துரையாக்கிவிட்டது என்று ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்து, 15(1)-வது விதியைச் செல்லாது என்றது. கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் கொடுத்தது. அந்த மூன்று மாதம் 2025 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. நோயாளி விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் திருப்பி அனுப்புகிறவர்கள், தங்கள் கெடுவை எப்படிக் கடக்கிறார்கள் பார்த்தீர்களா? நொண்டாமல், ஊன்றுகோல் இல்லாமல், ஒரே தாவு.

விதி, திருத்தம், குழு, அறிக்கை எல்லாம் வருகிறபோது வரட்டும். அதுவரைக்கும் ஒன்றே ஒன்று செய்யுங்கள், அதற்குப் பட்ஜெட் வேண்டாம், அரசாணை வேண்டாம். முகாமைத் தரைத்தளத்தில் போடுங்கள். இறங்கி வருவதற்கு உங்களுக்கெல்லாம் இரண்டு கால்களும் நன்றாகத்தானே இருக்கின்றன!