மூன்று மாத அட்வான்ஸ்

சென்னையில் வாடகை வீடு தேடுவோருக்கு நற்செய்தி: தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. சின்ன விலக்கு ஒன்று உண்டு. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் வாங்கலாம். ஆகவே வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்கிறார். நாமும் மனமுவந்து ஒப்புக்கொள்கிறோம். (சாமான்கள் வண்டியில் ஏறிய பிறகு மனம் உவக்காமல் என்ன செய்யும்?)

வாடகையே வேண்டாம், கட்டிக்கொள்ளலாம் என்றால், கிராமத்தில் 360 சதுர அடி வீட்டுக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. மனையும் பட்டாவும் மட்டும் நம் பொறுப்பு. நகரத்துக்காரருக்குப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம்: 35 லட்சத்துக்குள் வீடு வாங்கினால் வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து தவணையில். சென்னைக்குள் அந்த விலைக்கு வீடு அமைந்தவர் மானியம் கேட்டு நிற்க மாட்டார். நேரே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவார்.

குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. அதில் மட்டும் நமக்கு நூற்றுக்கு நூறு. மனுவைப் போட்டு வையுங்கள். வருமானச் சான்று இரண்டு செட் ஜெராக்ஸ்.