மாதம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு?

கேள்வி: புக்கிட் செந்தோசாவிலிருந்து முதல் கார் வாங்கப் போகிறேன். நல்ல ஷோரூம் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: கொடுக்கும் காப்பியை வைத்து அல்ல, சொல்லும் கணக்கை வைத்து. கார் செய்யும் பெரோடுவா ஆலை பக்கத்துச் சுங்கை சோவில்தான். ஆனால் உங்கள் கடன் உருவாவது விற்பனையாளரின் மேசையில். "மாசம் 470 வெள்ளிதான்" என்பது பாதிக் கணக்கு. 40,000 வெள்ளிக் கடனுக்கு, தொடக்கத் தொகைமேல் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்றால், அந்த 470 வெள்ளியை 9 ஆண்டு கட்டும்போது வட்டி மட்டும் 10,800. ஐந்தே ஆண்டில் முடித்தால் வட்டி 6,000. மாதத் தவணை 767 வெள்ளி. சம்பளம் குறைந்தவருக்குச் சின்னத் தவணை உதவிதானே என்பார்கள். உதவிதான், இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினால். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டமே ஒப்பந்தத்துக்கு முன் விவரங்களை எழுத்தில் தரச் சொல்கிறது. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்க விடுகிறவரிடம் வாங்குங்கள்.